இருபக்க வழி – 17: வெறுங்கை

ஊஞ்சக்காட்டு வீட்டு வாசலில் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வாடகைப் பாத்திரம், நாற்காலி எல்லாம் டெம்போவில் ஏறிப் போய்விட்டன. கருமாதிக்கு வந்த ஒரம்பரைச் சொந்தமெல்லாம் நேற்று சாயங்காலமே பஸ் ஏறியாகிவிட்டது. செந்தமிழனின் மனைவி சரிதாவும் பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று திருச்செங்கோட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் மிச்சம் இருந்தவை பந்தக்கால் நட்ட நான்கு குழிகள்.

அந்தக் குழிகளில் செந்தமிழன் காலால் மண் தள்ளிக்கொண்டிருந்தபோது மஞ்சுளா ஸ்கூட்டரை நிறுத்தினாள். கையில் இட்லி இருந்த தூக்குப்போசி.

"எந்திரிச்சதும் இதுதான் வேலையாண்ணா?"

"பின்ன? யாராச்சும் கால உட்டு உழுந்துட்டா?"

"இனி யாரு வரப்போறா நம்மூட்டுக்கு, வந்து உழுகறதுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. அவன் தலையை நிமிர்த்தாமல் அடுத்த குழிக்குப் போனான். அம்மா இருந்தவரை இந்த வீட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா பொன்னாயி போய்ச் சேர்ந்தாள். இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் கட்டிலில் கிடந்த உடம்பு. போகும் முன்னால் மகன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மூன்று நாள் கேட்டாள். செந்தமிழன் போர்வெல் ரிக் லாரியில் பதினெட்டு வருடமாக ஓடுகிறவன். அப்போது மத்தியப் பிரதேசத்தில் ஒரு காட்டுக்குள் இருந்தான். கிளம்பினாலும் வந்து சேர இரண்டு நாளாகும். அதனால் மதியம் மூன்று மணிக்கு வீடியோ காலில் வருவது என்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்தார்கள்.

டவர் கிடைக்கிற ஊருக்கு அவன் முப்பது கிலோமீட்டர் பைக்கில் வந்தான். ஒரு பஞ்சர் கடை ஓரம் நின்று நாற்பத்தொரு தடவை கூப்பிட்டான். ஒன்றுகூட வந்து சேரவில்லை. நான்கரை மணிக்கு அம்மா கண்ணை மூடிவிட்டாள்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பஞ்சாயத்துக் குழாய் பதிக்க ஜேசிபி ஓட்டிய வீரன் ஊஞ்சக்காட்டுக்கு வரும் இன்டர்நெட் வயரை அறுத்துவிட்டான். ஊரின் செல்போன் டவருக்கும் அந்த வயர்தான். இது எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்த செந்தமிழன், எழவுக்கு வந்து ஓரமாக நின்றிருந்த வீரனை ஊர் பார்க்க அறைந்ததும் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாத கதை இன்னொன்று இருந்தது. அதை மஞ்சுளாவும் அவள் புருஷன் கலையரசனும் பன்னிரண்டு நாளாக வாய்க்குள் வைத்திருந்தார்கள்.

செந்தமிழன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். இரண்டு இட்லி தின்றான். மூன்றாவதைப் பிட்டவன் அப்படியே வைத்துவிட்டான்.

"அம்முணி, ஒரு காரியம் ஆவோணும்."

"சொல்லுங்ணா."

"ஸ்டேசன் ரைட்டர் கேட்டாரு. நெட்டு எத்தன மணிக்கு அறுந்துது, எத்தன மணிக்குத் திரும்பி வந்துதுன்னு உங்க ஆபீஸ் மிசின்ல பதிவாயிருக்குமாமே. அத ஒரு பேப்பர்ல எடுத்துக் குடு. சாயந்தரம் அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. அது இருந்தா வீரன் மேல கேஸ் நிக்குமாம்."

மஞ்சுளா தூக்குப்போசியின் மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுகத்தான் இருந்தது.

"கேஸெல்லாம் எதுக்குங்ணா?"

"எதுக்கா?" அவன் குரல் உயரவில்லை. "நாள மறுநாள் நா வண்டி ஏறோணும். ஏறிட்டா எட்டு மாசம். அதுக்குள்ள எதாச்சும் ஒண்ணச் செஞ்சுட்டுப் போவோணும் அம்முணி. சும்மா போவ முடியல."

அவள் சரியென்று தலையாட்டினாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

வெண்ணந்தூரில் ஒரு தறிக்கூடத்தின் மாடியில் இருந்தது மஞ்சுளாவும் கலையரசனும் நடத்திய இன்டர்நெட் ஆபீஸ். கீழே பவர்லூம் ஓடினால் மேலே தரை அதிரும். அந்த அதிர்வுக்குப் பழகி, தறி நின்றால்தான் இருவருக்கும் தலை வலிக்கும். ஒரு பக்கம் சுவிட்ச் பெட்டிகள், எதிரே ஒரு கம்ப்யூட்டர், சுவரில் ஒரு ஆணி.

அவர்கள் இழுத்திருந்த வயர் ஒரு வட்டம். வெண்ணந்தூரில் கிளம்பி ஊஞ்சக்காடு, மல்லூர், ஆட்டையாம்பட்டி என்று சுற்றித் திரும்ப வெண்ணந்தூருக்கே வந்து சேரும். ரிங் என்று சொல்வார்கள். எந்த ஊருக்கும் இரண்டு பக்கமாகப் போகலாம் என்பதுதான் அதன் தைரியம். ஆனால் வட்டம் முழுக்கத் திறந்தே கிடந்தால் போகிறதெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து எல்லாமே நின்றுவிடும். அதனால் ஆட்டையாம்பட்டிப் பக்கத்து வழி ஒரு கதவு போல எப்போதும் சாத்தியிருக்கும். வேறு எங்காவது வயர் அறுந்தால் அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். மறுபக்கமாகப் போக்குவரத்து ஓடும். கண் இமைக்கிற நேரம்தான். டிவி பார்க்கிறவனுக்கு ஒரு துள்ளல் தெரியும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சமயத்தில் அந்தக் கதவைத் திறக்காதே என்று பூட்டி வைப்பார்கள். கம்பம் மாற்றுகிற நாட்களில் வயர் ஆடும். அதற்குள் ஓடுகிற வெளிச்சம் வரும், போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கதவு திறந்து மூடினால் நான்கு ஊரும் சேர்ந்து திணறும், போன் அடித்து ஓயாது. அதனால் கம்ப்யூட்டரில் லாக் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். லாக் இருக்கும்போது வேறு இடத்தில் அறுந்தால் போக வழியே இல்லை.

மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் கலையரசன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வளையல். யார் லாக் போடுகிறார்களோ அவர்கள் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். லாக்கை எடுத்ததும் வளையலைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும். வளையலோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு தடவை அவனே அதை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். "ஏனுங்க, எத்தன மாசம்? வளைகாப்புக்குச் சொல்லவே இல்லையே" என்று கடைக்காரர் கேட்டதை மஞ்சுளா ஒரு வாரம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மல்லூருக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவே கம்பம் மாற்றினார்கள். காலை பத்து பன்னிரண்டுக்கு மஞ்சுளா லாக் போட்டாள். வளையலை மாட்டிக்கொண்டாள். பதினொன்றரைக்கு ஊஞ்சக்காட்டுக்குப் போய் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டாள். முதுகுப் புண்ணில் வளையல் பட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். மஞ்சுளா வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத் துடைத்தாள். கஞ்சி ஊட்டினாள். ஒரு மணிக்கு வெறுங்கையோடு ஆபீசுக்குத் திரும்பினாள். கம்பம் வேலை முடிந்தது என்று போன் வந்தது. சரியென்று சொல்லி வைத்தாள். மூன்று மணிக்கு அண்ணன் கூப்பிடுவானே, அம்மாவுக்குத் தலை சீவிவிட வேண்டுமே என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. இரண்டு மணிக்கு மறுபடி ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள்.

அம்மா போன பிறகு, விளக்கேற்றத் தீப்பெட்டி தேடி ஜன்னலில் கை வைத்தபோது வளையல் தட்டுப்பட்டது.

கலையரசன் அப்போதுதான் சேறு படிந்த காலோடு உள்ளே வந்திருந்தான். அறுந்த இடத்தில் குழிக்குள் இறங்கி ஒட்டுகிற வேலையில் இருந்தவன். மறுபக்கமாக எல்லாம் ஓடுகிறது என்ற நம்பிக்கையில் போனைக்கூட எடுத்துப் பார்க்காமல், அவசரப்படாமல் இருந்தவன். அவள் வளையலைத் தூக்கிக் காட்டினாள். அவன் ஆபீசுக்கு ஓடினான். ஆறு நாற்பதுக்கு லாக்கை எடுத்தான். எடுத்த அடுத்த நொடி மூன்று ஊரிலும் போன்கள் உயிர் பெற்றன. மஞ்சுளாவின் போனில் நாற்பத்தொரு தவறிய அழைப்புகள் வந்து விழுந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, பிணத்தின் தலைமாட்டில்.

"அண்ணன் பதிவக் கேக்கறாங்க" என்றாள் மஞ்சுளா, படியேறி வந்ததும்.

கலையரசன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மேஜையில் வைத்தான். "எதுக்கு?"

"ஸ்டேசன்ல குடுக்கறதுக்கு. அஞ்சு மணிக்கு."

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அந்தத் தேதியை எடுத்தான். மூன்று வரி. பத்து பன்னிரண்டு: லாக் போட்டது, மஞ்சுளா. இரண்டு ஐம்பத்தொன்று: ஊஞ்சக்காட்டுப் பக்கம் வெளிச்சம் இல்லை. ஆறு நாற்பது: லாக் எடுத்தது, கலையரசன்.

"நடு வரிய மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுத்தரலாம்" என்றான்.

"அது பொய்யில்லீங்களா?"

"அதுல இருக்கறது நெசந்தானே? ரெண்டு அம்பத்தொண்ணுக்கு அறுந்துது. அறுத்தவன் வீரன். இதுல எது பொய்யி?"

அவன் ஒரு வரியை மட்டும் எடுத்து அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மல்லூரில் ஒரு வேலை என்று கிளம்பிப் போனான். வெள்ளைத் தாளின் நடுவில் ஒற்றை வரி. அதை மஞ்சுளா நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

மதியம் தறி ஒரு மணி நேரம் நின்றபோது கீழே நூல் ஓட்டுகிற சின்னாயி மாடிப்படியில் ஏறி வந்தாள். வீரனின் பெண்டாட்டி. தினமும் பார்க்கிற முகம்தான். ஆனால் இந்தப் பன்னிரண்டு நாளில் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்ததில்லை.

கடைசிப் படியிலேயே நின்றுகொண்டாள். "சாமி, ஒரு வார்த்த."

"உள்ள வா சின்னாயி."

"இருக்கட்டுங். உங்கண்ணங்க கேஸ் குடுக்கறாங்கன்னு சொல்லிக்கறாங்க. ஜேசிபி ஓனரு சாவியப் புடுங்கிட்டாரு. இவரு பத்து நாளா ஊட்டுக்குள்ளயே மொடங்கிக் கெடக்கறாரு. நா உங்களக் கொறை சொல்ல வல்லீங்க. தாயப் பறிகுடுத்தவங்க. ஆனா இவரு கேட்டுப்போட்டுத்தானுங்களே தோண்டுனாரு?"

"யாரக் கேட்டு?"

சின்னாயி அவளை உற்றுப் பார்த்தாள். இவளுக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது போலிருந்தது.

"உங்கூட்டுக்காரரத்தான் சாமி. அன்னிக்கு ஒண்ணரை மணிக்கு இதே படியில நின்னு கேட்டாராமா. 'ஏனுங்க, கொழா பதிக்கறேன், உங்க வயரு எங்கீங்க போவுது'ன்னு. 'ரெண்டடி தள்ளித் தோண்டு, அப்படியே அறுந்தாலும் ஒண்ணும் ஆவாது, அந்தப் பக்கமாத் திரும்பிக்கும், நீ ஓட்டு'ன்னாராம். நீங்க அப்ப உள்ளதான் இருந்தீங்களாம், போன்ல."

"இத ஏன் வீரன் எங்கண்ணங்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்கு வாயத் தொறக்கறதுக்குள்ள அடி உழுந்துருச்சுங்களே. பொறவு நானும் சொன்னேன், போயிச் சொல்லுய்யான்னு. எழவு ஊட்டுல போயி நாயம் பேசறதா, அவிங்களாத் தெரிஞ்சுக்கட்டும்னுட்டாரு. நெம்ப ரோசக்காரரு, என்ன பண்றது." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஸ்டேசன்ல கூப்ட்டு கேட்டாச் சொல்லித்தானுங்க ஆவோணும்? அதுக்கு முன்னால உங்ககிட்டச் சொல்லிப்போடலாம்னு வந்தேன். உங்க சோத்த நெறையாத் தின்னுருக்கறேன்."

கீழே தறி ஓடத் தொடங்கியது. அவள் இறங்கிப் போனாள்.

கலையரசன் வந்தபோது மணி மூன்று. மஞ்சுளா நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீரன் உங்களக் கேட்டானா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வைக்க இடம் தெரியாதவன் போலக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கேட்டானா இல்லீங்களா?"

"கேட்டான்."

"தோண்டச் சொன்னீங்களா?"

"உன் கை வெறுங்கையா இருந்துச்சு மஞ்சு." அவன் குரல் எங்கோ ஆழத்தில் இருந்து வந்தது. "நீ போன்ல பேசிட்டிருந்த. கையப் பாத்தேன். வளையல் இல்ல. லாக்க நீ எடுத்துட்டன்னு நெனச்சுட்டேன்."

"ஆணியப் பாத்தீங்களா?"

"நீ பாத்தியா?"

அவள் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. கையும் காலி, ஆணியும் காலி. இரண்டு பேரும் ஒரே கையைப் பார்த்து நிம்மதியாகிவிட்டார்கள்.

"பன்னெண்டு நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நீ தூங்காம, தின்னாம கெடந்த. எந் தப்பு, எந் தப்புன்னு சுவத்துல தலைய முட்டிக்கிட்ட. நாந்தான் அறுக்கச் சொன்னேன்னு அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?"

"அப்பச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து அழுதுருப்போம். நா தனியா அழுதேன்."

அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அவன் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் வலிக்கும் அவனுக்கு.

"வீரன அறைஞ்சப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"கையப் புடிச்சுத் தடுத்தீங்களே. நல்லவராட்டம்."

சொல்லியிருக்க வேண்டாத வார்த்தை என்று அவளுக்கே பட்டது. திருப்பி எடுக்கவில்லை.

அவள் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போனாள். அந்தத் தேதியை எடுத்தாள். மூன்று வரியையும் அச்சடித்தாள். பிரிண்டர் தாளைத் தள்ளுகிற வரை அவன் அவளைத் தடுக்கவில்லை.

"சொல்லப் போறியா?"

"வீரன் வாங்குன அடி என்னுது. அத அவன் கன்னத்துலயே உட்டுட்டு நா எப்படிங்க சோறு திங்கறது?"

"சொல்லு. ஆனா..." அவன் நிறுத்தினான். பிறகு, கேட்கவே கூடாது என்று தெரிந்தும் கேட்கிறவனின் குரலில் கேட்டான். "எம் பேர மட்டும் சொல்லாத மஞ்சு. உன்ன அவரு மன்னிச்சுருவாரு. கூடப் பொறந்தவ. எங்கப்பன் செத்தப்ப எங்கண்ணந்தம்பியே வரல, உங்கண்ணன்தான் குழி மூடற வரைக்கும் நின்னாரு. அந்த மனுசன் மூஞ்சில நா எப்படி முழிப்பேன்?"

அவள் தாளை மடித்தாள். முதலில் மடித்த ஒற்றை வரித் தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

நான்கரைக்கு அவள் ஊஞ்சக்காட்டுக்குப் போனபோது செந்தமிழன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தான். மனு எழுதிய காகிதம் சட்டைப் பையில் தெரிந்தது. மொட்டையடித்த தலையில் துண்டைச் சுற்றியிருந்தான்.

"கொண்டாந்தியா?"

கொடுத்தாள்.

அவன் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பிப் படித்தான். ரிக்கில் அடி ஆழக் கணக்கு எழுதிப் பழகிய கண், எண்களை விட்டுவிடாது.

"ரெண்டு அம்பத்தொண்ணு. சரி. இதென்ன மேல, பத்து பன்னண்டு? உன் பேரு போட்டிருக்குது?"

சொன்னாள். ரிங், கதவு, கம்பம் மாற்றியது, லாக் போட்டது, வளையல், முதுகுப் புண், ஜன்னல். வரிசையாகத்தான் சொன்னாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், அழவில்லை.

"அப்ப வீரன் அறுத்தும்..."

"அறுத்தும் ஒண்ணும் ஆயிருக்காதுங்ணா. நா லாக்க எடுத்திருந்தா நீங்க கூப்ட்ட மொதத் தடவையே அடிச்சிருக்கும்."

செந்தமிழன் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தான். மெத்தையை எடுத்துவிட்டார்கள், வெறும் நாடாக் கட்டில். தாளைத் தொடை மேல் வைத்து உள்ளங்கையால் நீவினான். மடிப்பு போகவில்லை. மறுபடி நீவினான்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அறைவான் என்றுகூட எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"மூணு மணிக்கு மேல," என்றான் அவன் கடைசியில், "நாலரை வரைக்கும். அம்மா என்ன பண்ணுச்சு?"

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கலையரசனிடம்கூட.

"தலை சீவி, பவுடர் போட்டு, முதுகுக்குத் தலையணை குடுத்து உக்கார வெச்சிருந்தேன். சிக்னல் இல்ல. இருந்தாலும் சும்மா உங்க பேர அமுத்திட்டே இருந்தேன். வீடியோ கால் போட்டா லைன் கெடைக்கற வரைக்கும் நம்ம மூஞ்சிதான திரையில தெரியும்? அம்மா முன்னால போனப் புடிச்சிருந்தேன். அம்மா அதப் பாத்துச்சு."

"ம்."

"தன்னோட மூஞ்சின்னு தெரியல அதுக்கு. 'ஏஞ்சாமி, இப்படி எளைச்சுப் போயிட்ட'ன்னுச்சு."

செந்தமிழன் நிமிர்ந்து பார்த்தான்.

"'கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே, அங்க சோறு போடறாங்களா இல்லையா'ன்னு கேட்டுச்சு. நா என்னங்ணா பண்ணுவேன்? 'போடறாங்களாம்மா'ன்னேன். 'முடியெல்லாம் நரைச்சுப் போச்சே எம் பையனுக்கு'ன்னு சொல்லுச்சு. கையத் தூக்கித் திரையத் தடவுச்சு. தடவுனதுல கால் கட்டாயிருச்சு. திரை கறுத்துப்போச்சு. 'போயிட்டானா?'ன்னுச்சு. 'வேலைக்குக் கூப்ட்டாங்கம்மா, போயிட்டாங்க'ன்னேன். 'போவட்டும், பாவம்'னு கண்ண மூடுச்சு. அப்புறம் தொறக்கவே இல்ல."

வெளியே தெருக்குழாயில் யாரோ குடம் வைக்கிற சத்தம். செந்தமிழன் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. மஞ்சுளா பக்கத்தில் போகவில்லை. போகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

"நம்ம ரெண்டு பேருக்கும் அம்மா மூஞ்சிதான்னு எல்லாரும் சொல்லுவாங்க" என்றான் துண்டுக்குள்ளிருந்து. "நெசந்தான் போலிருக்குது."

அவள் அப்போதுதான் அழுதாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். சட்டைப் பையிலிருந்த மனுவை எடுத்துக் கட்டில் நாடாவுக்குள் செருகினான். அவள் கொடுத்த தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவளைப் பார்க்கவில்லை.

"உம்மேல எனக்கு என்ன இருக்குதுன்னு எனக்கே இப்பத் தெரியல அம்முணி. கோவமா, என்னன்னு. அது தெரிய நாளாவும். அது வரைக்கும் நீ போன் பண்ணாத. நானே பண்றேன்."

"சரிங்ணா."

"ஆனா ஒரு பாவப்பட்டவன ஊரு முன்னால கை நீட்டிட்டேன். அத இன்னிக்கே தீத்துப்போடோணும். வீரன் ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"இப்பவேயா?"

"பின்ன எப்ப? கால்ல உழோணும்னாலும் உழுந்துட்டு வாரேன்." செருப்பை மாட்டியவன் வாசலில் நின்று திரும்பினான். அழுது சிவந்த கண். "ஒண்ணு கேக்கறேன். எல்லாம் சொல்லிட்டியா? இன்னும் எதாச்சும் இருக்குதா?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியம் நாக்கில் இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு அடியை வாங்க அந்த முகத்தில் இடம் இல்லை. தரையில் ஹெல்மெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனும் கண் முன்னால் வந்தான்.

இல்லை என்று தலையாட்டினாள்.

"நெசமா?"

மறுபடி ஆட்டினாள்.

பைக் கிளம்பியது. பந்தல் குழிகளின் மேல் ஏறி, தெருமுனையில் திரும்பியது. வீரனின் வீடு கிழக்குத் தெருவின் கடைசி. நடந்தாலே ஐந்து நிமிடம்.

மஞ்சுளா போனை எடுத்தாள். முதல் மணியிலேயே கலையரசன் எடுத்துவிட்டான். கையிலேயே வைத்திருந்தான் போல.

"அண்ணன் வீரன் ஊட்டுக்குப் போறாங்க. மன்னிப்புக் கேக்க."

அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நா உங்க பேரச் சொல்லல. கேட்டாங்க, இல்லைன்னுட்டேன். சின்னாயி வேல முடிஞ்சு இந்நேரம் ஊட்டுக்கு வந்திருப்பா, அங்க போனா சொல்லிருவா. அவ சொல்லி அவங்க கேக்கக் கூடாதுங்க. நீங்க முந்திப் போயிருங்க. நீங்களே சொல்லிருங்க."

"கெளம்பி எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பத்தான்."

"எனக்கு நாலு கிலோமீட்டர் மஞ்சு. அவருக்கு அந்தத் தெரு."

"தெரியும்."

தறிச் சத்தத்துக்கு நடுவில் அவன் மூச்சு கேட்டது. பிறகு மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம், முழங்காலைப் பொருட்படுத்தாத சத்தம். வண்டி ஒரு தடவை உதைத்துக் கிளம்பவில்லை. இரண்டாவது உதை. மூன்றாவது.

போனைக் காதில் வைத்தபடியே மஞ்சுளா கிழக்குத் தெருவைப் பார்த்து ஓடினாள்.